பட்டியலில் விட்டுப்போன பாகம்

"பொய் சொல்றவங்களை எப்படிங்க பிடிக்கிறது?"

பட்டறைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகச் சென்னியப்பன் கேட்டார்.

பிலோமினா நிமிரவில்லை. ஒரு ஜெராக்ஸ் மெஷினின் வயிற்றைத் திறந்து வைத்து, உள்ளே அப்பியிருந்த கரும்பொடியைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றது மெஷினா, மனுசங்களா?"

"மெஷின் எப்பங்க பொய் சொல்லியிருக்குது? மனுசங்கதான்."

"உக்காருங்ணா. முறை தெரியுமில்ல?"

தெரியும். கோயம்புத்தூரில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். காந்திபுரத்துச் சந்தில் இருந்த அந்தப் பட்டறைக்கு யார் கேள்வியோடு வந்தாலும், முதலில் தான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் பதில்.

பிலோமினாவுக்கு நாற்பத்தொரு வயது. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆரம்பத்தில் கிண்டலாகத்தான் 'குரு' என்று கூப்பிட்டார்கள். கிண்டல் எப்போது போனதென்று தெரியாது, பெயர் நின்றுவிட்டது.

பெஞ்சில் ஏற்கனவே இரண்டு பேர் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். இருதயராஜ், பஷீர். இரண்டு பேருமே பதினெட்டு, இருபது வருடம் இந்தத் தொழிலில் கிடந்தவர்கள்.

"இருதயராஜண்ணன் சொல்லிட்டிருக்கார். கேளுங்க," என்றார் பிலோமினா.

இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வக்கீல் ஆபீஸ் ஒண்ணு. எந்தக் காப்பி போட்டாலும் நடுவுல கறுப்பா ஒரு கோடு. ட்ரம்மை மாத்தினேன். கண்ணாடியைத் துடைச்சேன். பிளேடைக் கழட்டி வேற போட்டேன். கோடு அப்படியே நிக்குது. சாயங்காலம் வக்கீல் வந்தார். 'அட, அது ஒரிஜினல்ல நான் அடிச்ச கோடுய்யா'ன்னார்."

பஷீர் டீயைத் துப்பாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க சிரிக்காதீங்க பாய். உங்களுது?"

"அஞ்சாவது மாடி. லிஃப்ட் இல்ல. மூணு மணி நேரம் மல்லுக்கட்டி, செத்த மெஷினுக்கு உசிரு குடுத்தேன். ஓனர் வந்து பார்த்தாரு. 'பாய், நம்ம மெஷின் பக்கத்து ரூம்ல இருக்குது. இது எடைக்குப் போட வெச்சிருந்தது'ங்கறாரு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, எடைக்குப் போடல. இப்ப ரெண்டையும் நான்தான் பார்க்கணும்."

பிலோமினா பிரஷ்ஷை உதறினார். "என்னோடது நேத்துதான் நடந்தது. கல்யாண மண்டபத்து ஆபீஸ். மெஷினுக்குள்ள இருந்த பொடியை ஊதி வெளிய தள்ளணும். ஜன்னல் பக்கம் பிடிக்க வேண்டிய ப்ளோயரை வாசல் பக்கம் பிடிச்சுட்டேன். சரியா அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் உள்ள வர்றாங்க. அத்தனை பேரும் வெள்ளை வேட்டி."

"கல்யாணம் நடந்துச்சா?"

"நடந்துச்சு. போட்டோவுல மட்டும் சம்பந்திக்குச் சாம்பல் கலர் வேட்டி."

பெஞ்சே குலுங்கியது. சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். அவருக்கு உட்கார்ந்த இடம் கொதித்தது.

"இப்ப நீங்க சொல்லுங்ணா."

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க, அம்மணி."

"ஒண்ணுமே இல்லியா?"

"இருபத்தாறு வருசம் ஆச்சு. சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலீங்க."

அதை அவர் பீற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. ஊரே சொல்கிற பேச்சுதான். சென்னியப்பன் மெஷினைப் பார்க்க மாட்டார், கேட்பார். பக்கவாட்டில் சாய்ந்து நின்று, கண்ணை மூடி, காதைக் கொடுப்பார். பத்துத் தாள் ஓடி முடிவதற்குள் எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது, எந்தப் பல்சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான்.

"யோசிச்சுப் பாருங்க."

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "தொண்ணூத்தி ஒம்போதுல ஒரு பேங்க்ல, ப்ளக்கைச் சொருகாம மெஷினையே பிரிச்சுட்டேன். போதுங்களா?"

"அது ஆறிப்போன தப்புங்ணா. சூடா ஒண்ணு கொண்டு வாங்க."

"சூடா இல்லீங்க! இருந்தா சொல்ல மாட்டனா?" அவருடைய குரல் எகிறியது. "எனக்கு நேரமில்லீங்க அம்மணி. மூணு மணிக்கு ஒரு பொம்பளையோட வேலை போகப் போகுது. என் கையெழுத்தாலதான் போகப் போகுது."

பெஞ்சில் சிரிப்பு நின்றது.

பிலோமினா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அதை முதல்ல சொல்லுங்க."

சென்னியப்பன் கொட்டித் தீர்த்தார்.

அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் பாலிடெக்னிக். அதன் தேர்வுப் பிரிவில் ஒரு பெரிய மெஷின். அதை ஓட்டுவது கோகிலவாணி என்கிற அம்மா, ஒன்பது வருடமாக. நாலு மாதமாக மெஷின் தாளைச் சிக்க வைக்கிறது என்று கூப்பிடுகிறார்கள். இவர் போவார். ஐந்நூறு காப்பி போடுவார். வெண்ணெய் மாதிரி ஓடும். வாசலைத் தாண்டி வண்டியைக் கிளப்புவதற்குள் போன் வரும், மறுபடி சிக்கிவிட்டது என்று.

"நாலு தடவை போனேன். நாலு தடவையும் சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ஒரே ரிப்போர்ட்டுத்தான் எழுதினேன். இயந்திரத்தில் பழுதில்லை, இயக்குபவரின் தவறு. வேற என்னங்க எழுதறது? பழுது இருந்தா எனக்குக் கேக்காதா?"

"இன்னிக்கு?"

"ஹால்டிக்கெட் அடிச்சாகணும். மறுபடி சிக்குதாம். காலேஜ் மேலாளர் வேதமூர்த்தி போன் பண்ணிட்டார். மூணு மணிக்கு வர்றேன், நீங்க அதே ரிப்போர்ட்டை அஞ்சாவது தடவை எழுதினீங்கன்னா அந்தம்மாவை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடுவேன்னார்." அவர் கைகளைப் பிசைந்தார். "எனக்கு மட்டும் மனசில்லையா? ரெண்டு பசங்களை வெச்சிருக்குது அந்தப் பொண்ணு. ஆனா நான் நகர்ந்ததும் மெஷினை என்னவோ பண்ணுதுங்க. அதைக் கையும் களவுமாப் பிடிச்சு, ஏம்மா இப்படிப் பண்றேன்னு கேட்டுட்டா, சொல்லித் திருத்திடலாம். வேலையும் தப்பிச்சுக்கும்."

பிலோமினா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார்.

"வண்டியிலதானே வந்தீங்க?"

"ஆமாங்க."

"இன்னொரு ஹெல்மெட் இருக்குதா?"

அதுதான் அவர் சொன்ன பதில். ஷட்டர் பாதி இறங்கியது. பஷீரும் இருதயராஜும் டீ கிளாஸோடு தெருவில் நின்றார்கள்.

*

அவிநாசி ரோட்டு வெயிலையும் போக்குவரத்தையும் சென்னியப்பன் அன்றைக்கு மதிக்கவே இல்லை. குருவே பின்னால் உட்கார்ந்து வருகிறார். இன்றைக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது, ஸ்கூல் பிள்ளைக்குப் பரீட்சை ரிசல்ட் அன்றைக்கு அடிக்கிற மாதிரி.

தேர்வுப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் பட்டது மெஷின் அல்ல, மேசை. ஒன்பது வருடமாக அந்த மேசையில் ஒரு குட்டிப் பிள்ளையார், ஒரு டப்பா, பசங்க போட்டோ எல்லாம் இருக்கும். இன்றைக்கு மேசை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய், பை நாற்காலியில் தயாராக இருந்தது.

கோகிலவாணி எழுந்து நின்றார். ஒல்லியான உடம்பு, முப்பத்தெட்டு வயதிருக்கும். அழுத முகம் இல்லை. அழுது முடித்த முகம்.

"வாங்க சார். அதே ரிப்போர்ட்டை எழுத வந்தீங்களா?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "எழுத வரல. பார்க்க வந்திருக்கோம்."

"பாருங்க." அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் பிலோமினாவிடம் நீட்டினார். "இந்த நாலு மாசத்துல சிக்கின தாளுங்க. அறுபத்து மூணு. ஒவ்வொண்ணுலயும் நேரம் எழுதி வெச்சிருக்கேன். சாருகிட்டக் காட்டினேன். சார் பார்க்கல."

பிலோமினா ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாத் தாளும் ஒரே மூலையில்தான் கசங்கியிருந்தது. கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க ஓட்டுங்ணா," என்றார்.

சென்னியப்பன் தாளைத் தட்டி அடுக்கினார். நூறு காப்பிக்கு அழுத்தினார். வழக்கமான இடத்தில் சாய்ந்து நின்றார், கண்ணை மூடினார். மெஷின் பாடியது. நூறும் வந்து விழுந்தது, ஒன்றுகூட மடங்காமல்.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இப்ப அவங்க ஓட்டட்டும். நீங்க அங்கயே நில்லுங்க."

கோகிலவாணி அழுத்தினார். சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். நூறும் வந்தது.

சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா அம்மணி? நான் பக்கத்துல இருந்தா ஒழுங்கா ஓட்டுது. பயம். நான் போனாத்தான் வேலையைக் காட்டுது."

"அப்ப போங்க."

"எங்கீங்க?"

"வாசலுக்கு. அங்கிருந்து பாருங்க."

அவர் வாசலுக்குப் போனார். பிலோமினா கோகிலவாணியிடம், "பட்டனை அழுத்திட்டு ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்குங்க," என்றார். கோகிலவாணி அப்படியே செய்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. பதினொன்று.

பதினேழாவது தாளில் கடகடவென்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது.

கோகிலவாணியின் கைகள் தலைமேல்தான் இருந்தன. அவர் அவற்றைக் கீழே இறக்கவே இல்லை. அப்படியே திரும்பி, வாசலில் நின்றவரைப் பார்த்தார். போலீஸ்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கியவர் மாதிரி இருந்தது.



"இன்னொரு தடவை," என்றார் சென்னியப்பன். 

இன்னொரு தடவை ஓட்டினார்கள். இருபத்திரண்டாவது தாளில் சிக்கியது. கைகள் தலைமேல். அவர் ஓடி வந்து, தாளை உருவி, பக்கக் கதவைச் சாத்தி, சாய்ந்து நின்றார். ஓடியது. ஐம்பது, எண்பது, நூறு.

"நான் வந்தா ஓடுதுங்க," என்றார், யாரிடமோ சொல்வது போல.

"அதைத்தானுங்க சார் நாலு மாசமாச் சொல்லிட்டிருக்கேன்," என்றார் கோகிலவாணி. கைகளை இப்போதுதான் இறக்கினார்.

பிலோமினா மெஷினின் எதிரே வந்து நின்றார்.

"அண்ணா, இது ஓடுறப்ப இதுல என்னென்ன பாகம் வேலை செய்யுது? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

இதென்ன சின்னப்பிள்ளைக் கேள்வி என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னார். ட்ரம், டோனர், லேசர், தாள் இழுக்கிற ரோலர், சூடாக்குகிற ரோலர், பெல்ட், மோட்டார், சென்சார், போர்டு. ஸ்பிரிங்குகளைக்கூட விடவில்லை. மூச்சு வாங்கியது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"எது?"

பிலோமினா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டேகால். "பஸ்ஸைப் பிடிக்கணும்ணா. பட்டறை அப்படியே கிடக்குது."

"அம்மணி! பாதியில விட்டுட்டுப் போனா எப்படீங்க?"

அவர் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

*

அறையில் இரண்டு பேர். ஒரு மெஷின். முக்கால் மணி நேரம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. எது விட்டுப்போச்சு? சென்னியப்பன் மனசுக்குள் மறுபடி ஒருமுறை மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினார். எல்லாம் இருந்தது.

"ஓட்டும்மா," என்றார். வாசலில் போய் நின்றார். சிக்கியது.

பாதித் தூரம் வந்தார். "ஓட்டும்மா." சிக்கியது.

நாலடி தள்ளி நின்றார். சிக்கியது. ஓரடி தள்ளி நின்றார். சிக்கியது. மெஷின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். சிக்கியது. காதை மட்டும் கொண்டுபோய் வைத்தார். அதற்கும் சிக்கியது.

இந்த நேரத்துக்கு அவருக்குப் பயம் போய்விட்டது. வேறு ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார். வாசலுக்கும் மெஷினுக்கும் ஓடினார். பழுது இருக்கிறது! நிஜமாகவே இருக்கிறது! இருபத்தாறு வருடத்தில் அவர் காதுக்கு எட்டாத ஒரு பழுது இந்தப் பெட்டிக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. முதல் முதலாக மெஷினைத் திறந்த நாளில் இருந்த அந்தத் துடிப்பு அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

கோகிலவாணிக்கும் அது தொற்றிக்கொண்டது. தாளை உருவுவார், அடுக்குவார், அழுத்துவார். "இப்ப இங்க நின்னு பாருங்க சார்." "இப்ப கண்ணை மூடாம இருங்க சார்." வேலை போகப்போகிறதென்பதையே அந்த அம்மா மறந்துவிட்டாற்போல் இருந்தது.

வழக்கமான இடத்தில் வழக்கம்போல நின்றார். ஓடியது.

"நான் என்னதான் பண்றேன் இப்ப?"

"ஒண்ணும் பண்றதில்லீங்க சார். சும்மா நிக்கிறீங்க."

"எப்படி நிக்கிறேன்?"

"எப்பவும் நிக்கிற மாதிரித்தானுங்க."

"எப்பவும் எப்படி நிக்கிறேன்?"

கோகிலவாணி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

"ஒத்தக் கால்லீங்க சார். கொக்கு நிக்கிற மாதிரி."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

இடது கால் தரையில் இருந்தது. வலது கால் மடங்கி, அதன் முழங்கால் மெஷினின் பக்கக் கதவில் அழுந்தியிருந்தது. கதவில் அந்த இடத்தில் ஒரு பழுப்பு வட்டம் படிந்திருந்தது. பேன்ட்டில் முழங்காலுக்கு நேராக ஒரு சாம்பல் வட்டம். வீட்டில் இருக்கிற ஏழு பேன்ட்டிலும் அதே இடத்தில் அதே வட்டம் உண்டு. அவர் மனைவி தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், இது தொழில் மச்சம் என்று விட்டுவிட்டார்.

அவர் முழங்காலை எடுத்தார். ஆறாவது தாளில் சிக்கியது.

வைத்தார். ஓடியது.

சென்னியப்பன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கில் வந்த சிரிப்பு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. கோகிலவாணி முதலில் பயந்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"விட்டுப்போன பாகம்," என்றார் சென்னியப்பன், தன் முழங்காலைத் தட்டி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கதவைத் திறந்தார். டார்ச் அடித்தார். கதவைப் பிடித்து நிறுத்த மேலே ஒரு பிளாஸ்டிக் கொக்கி, கீழே ஒன்று. மேல் கொக்கி புதுசு போல இருந்தது. கதவைச் சாத்தும்போது 'க்ளிக்' என்று அருமையாகச் சத்தம் கொடுப்பது அதுதான். கீழ்க்கொக்கி பாதி தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. மெஷின் அதிர அதிர, கதவின் கீழ்ப் பக்கம் ஒரு நகக் கனம் விலகும். தாளின் ஒரு மூலைக்குப் பிடி விட்டுப்போகும். அந்த மூலை மடங்கும்.

நாலு தடவையும் அவர் அந்தக் கதவைத் திறந்து சாத்தியிருக்கிறார். நாலு தடவையும் க்ளிக் கேட்டிருக்கிறார். கேட்டது போதும் என்று விட்டிருக்கிறார்.

அவருடைய பையில் அந்தக் கொக்கி இருந்தது. எப்போதும் நாலைந்து வைத்திருப்பார். மாட்ட மூன்று நிமிடம் போதும்.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மணி இரண்டு ஐம்பது.

மாட்டிவிட்டு, பழுது சரிசெய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. மெஷின் ஓடும். இந்த அம்மாவின் வேலை தப்பும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். பட்டறைக்கும் போக வேண்டாம், பஷீர் டீயைத் துப்பவும் வேண்டாம்.

 கோகிலவாணியும் அந்தக் கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்வை மெதுவாக நகர்ந்து, மேசைமேல் கிடந்த சர்வீஸ் ரெஜிஸ்டரில் போய் நின்றது.

இயக்குபவரின் தவறு. இயக்குபவரின் தவறு. இயக்குபவரின் தவறு. இயக்குபவரின் தவறு. கீழே சென்னியப்பன் கையெழுத்து, நாலும் அச்சடித்த மாதிரி.

சென்னியப்பன் கொக்கியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

*

மேலாளர் வேதமூர்த்தி சரியாக மூன்று மணிக்கு வந்தார். கையில் ஒரு கவர் வைத்திருந்தார். அதில் என்ன இருக்கிறதென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுங்க. அதே ரிப்போர்ட்தானா?"

"ஒரு நிமிசம் பாருங்க சார்."

சென்னியப்பன் மெஷினைவிட்டுத் தள்ளிப் போனார். "ஓட்டுங்கம்மா. கையை மேல வெச்சுக்குங்க."

சிக்கியது.

"இப்ப பாருங்க." ஒற்றைக் காலில் நின்றார். முழங்காலைக் கதவில் வைத்தார். மெஷின் ஓடியது. எடுத்தார், சிக்கியது. வைத்தார், ஓடியது.

பக்கத்து அறையிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். கேஷியர் வந்தார். ஒற்றைக் காலில் நிற்கிற ஐம்பத்திரண்டு வயது மனிதரைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சென்னியப்பனுக்குக் காதெல்லாம் சூடாகி அசடு வழிந்தது. ஆனால் காலை மட்டும் எடுக்கவில்லை.

"என்னய்யா இது?" என்றார் வேதமூர்த்தி.

"கதவுக் கொக்கி தேஞ்சிருக்குது சார். நான் வர்றப்பெல்லாம் என் முழங்கால்தான் கதவைப் பிடிச்சிட்டு நின்னிருக்குது. எனக்கே தெரியலைங்க. நான் போனதும் அது விலகும், தாள் சிக்கும். இவங்க உண்மையைச் சொன்னாங்க. நான் நாலு தடவை பொய் எழுதியிருக்கேன்."

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. வேதமூர்த்தி கவரை மெல்ல மடித்துச் சட்டைப் பையில் செருகினார். அவருக்கும் கொஞ்சம் முகம் செத்துவிட்டது.

"சரி, சரி. பழுது சரிசெய்யப்பட்டதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சு போச்சு."

"அது போதாதுங்க சார்."

சென்னியப்பன் ரெஜிஸ்டரைத் திறந்தார். பேனாவை எடுத்தார். அதைக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

"உங்களைப் பத்தி நான் நாலு தடவை எழுதினேன். இந்தத் தடவை என்னைப் பத்தி நீங்க எழுதுங்க. என்ன எழுதினாலும் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

"அப்படி வழக்கமில்லையே," என்றார் வேதமூர்த்தி. "இது உங்க கம்பெனிக்குப் போற ரெஜிஸ்டர்."

"தெரியுங்க சார். போகட்டும்."

கோகிலவாணி பேனாவை வாங்கவில்லை. "என்ன வேணாலும் எழுதலாங்களா?"

"என்ன வேணாலும்."

இப்போது வாங்கினார். உட்கார்ந்தார். மூடியைக் கழற்றினார். மேலே இருந்த நாலு வரிகளையும் விரல் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரமே படவில்லை.  இருபத்தாறு வருடத்துப் பெயர் அந்தப் பேனா முனையில் நின்றுகொண்டிருந்தது. போனால் போகட்டும் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். 

கோகிலவாணி எழுதினார். ஒரு வரி. அப்புறம் இன்னொரு வரி. ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்தார்.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'கீழ்க்கொக்கி தேய்ந்துள்ளது. ஆள் யார் மேலும் தவறில்லை.'

இரண்டு தடவை படித்தார். பக்கத்தைப் புரட்டியும் பார்த்தார்.

"என் பேரு எங்கீங்க?"

"இருக்கறதைத்தானுங்க சார் எழுதியிருக்கேன்."

"இல்லீங்க, நான் பண்ணினது..."

கோகிலவாணி அதற்குள் எழுந்து, கையிலிருந்த தாளை மேசையில் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஹால்டிக்கெட் இன்னும் எண்ணூறு பாக்கி இருக்குதுங்க. அஞ்சு மணிக்குள்ள அடிச்சாகணும். கையெழுத்தைப் போட்டுட்டு, கொக்கியை மாட்டிட்டு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்."